அமராவதியின் பச்சை நாற்காலி

கடலூர் முதுநகர்,
ஞாயிற்றுக்கிழமை காலை.

பேரன்புள்ள மச்சான் செம்பியன் அவர்களுக்கு,

உங்கள் அக்கா வீட்டுக்காரன் கண்ணாயிரம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் பன்னிரண்டு நாற்காலிகளும் சுகம். சிதம்பரத்தில் நீங்களும் பிள்ளைகளும், ஐந்து நாளாக உங்களோடு இருக்கும் என் மனைவி அமராவதியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்களுக்குப் போன் போட்டால் கட் ஆகிறது. வாட்ஸப்பில் எழுதினால் நீல டிக் மட்டும் விழுகிறது. உங்கள் போன் இப்போது யார் கையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் முப்பது வருஷம் விசில் ஊதியே காரியம் பார்த்த ட்ரில் வாத்தியார் பேனாவைப் பிடித்திருக்கிறேன்.

ரிட்டயர் ஆனதிலிருந்து எனக்குப் பழைய சாமான் பைத்தியம் பிடித்தது உங்களுக்குத் தெரிந்ததுதான். ரயில் கார்டு விளக்கு, ஸ்டேஷன் மணி, யாரோ எந்தக் காலத்திலோ ஆடிய ஹாக்கி மட்டை, பதினோரு நாற்காலி. அந்தப் பதினொன்றில் எதிலும் யாரும் உட்காரக் கூடாது, பிரம்பு அறுந்துவிடும். போன மாதம் புவனகிரியிலிருந்து வந்த என் சொந்த அண்ணனையே பாய் விரித்துத் தரையில்தான் உட்கார வைத்தேன். பன்னிரண்டாவது உங்கள் அக்காவுடையது. கல்யாணச் சீராக என் மாமனார், உங்கள் அப்பா, சோணாங்குப்பத்திலிருந்து தலையில் சுமந்து வந்து கொடுத்தாரே, அது. தன் படகுக்கு அடித்த பச்சை பெயிண்டில் மீந்ததை அதற்கு அடித்து, சாய்மானத்தில் படகுக்கு எழுதுவது போலவே சிவப்பில் ‘அமராவதி’ என்று தன் கையாலேயே எழுதியிருந்தார். காய் நறுக்குவது, சீரியல் பார்ப்பது, என்னைத் திட்டுவது எல்லாமே அவள் அதில் உட்கார்ந்துதான்.

செவ்வாய்க்கிழமை அவள் ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரம், அந்த நாற்காலியின் அடியில் ஓரிடத்தில் பெயிண்ட் உரிந்து தேக்கு தெரிந்தது. எனக்குக் கை அரித்தது. பழைய சாமான் சேர்ப்பவனுக்குப் பெயிண்ட் என்றாலே அழுக்கு மச்சான், அடியில் இருக்கும் மரம்தான் சாமி. தின்னரை ஊற்றி, உப்புத்தாளைப் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தேன். சிவப்பு எழுத்து கரைவதைக் கண்ணால் பார்த்தேன், பொய் சொல்ல மாட்டேன், கைதான் நிற்கவில்லை. மூன்று கால் அசல் தேக்கு, ஒரு கால் மட்டும் ஏதோ வேறு மரம், அதைக்கூட நான் கண்டுகொள்ளவில்லை. ஏனென்றால் சாய்மானத்தின் பின்பக்கம் எஸ்.ஐ.ஆர். என்று முத்திரை! அந்தக் காலத்துத் தென்னிந்திய ரயில்வே! கீழே சிதம்பரம், வெயிட்டிங் ரூம்! அந்த நிமிஷம் பார்த்து அரிசிப் பையோடு உள்ளே வந்தாள் உங்கள் அக்கா. நான் சும்மா இருந்திருக்கலாம். “அமரா, உங்கப்பா பலே ஆளுடி! ஸ்டேஷன்லேர்ந்தே சேர தூக்கிட்டு வந்துட்டாரு!” என்று கத்திவிட்டேன். பாராட்டாகத்தான் சொன்னேன்.

அவள் முத்திரையைப் பார்க்கவே இல்லை. “பேரு எங்க?” என்றாள்.

நான் உப்புத்தாளை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

“படகெல்லாம் எப்பவோ போயிடுச்சி. எங்கப்பா கையெழுத்துன்னு அது ஒன்னுதான் மிச்சம் இருந்திச்சி. அத அழிச்சதும் இல்லாம அவுர திருடன்னு வேற சொல்றீங்க. நீங்களும் ஒங்க சேரும் நல்லா இருங்க. நா தம்பி வூட்டுக்குப் போறேன்.”

அரிசிப் பையை அப்படியே வைத்துவிட்டுச் சிதம்பரம் பஸ் ஏறிவிட்டாள். முந்தாநாள் சாம்பார் வைத்தேன். உப்பு சரியா என்று கேட்கத் திரும்பினால் கூடத்தில் பதினோரு நாற்காலி, அத்தனையும் காலி. எனக்கு அழுகையே வந்துவிட்டது மச்சான். நேற்று துறைமுகத்தில் படகுகளுக்குப் பெயர் எழுதும் இளவரசுவைக் கூட்டிவந்து, வயிற்றெரிச்சலை அடக்கிக்கொண்டு முத்திரை மேலேயே பச்சை அடிக்கச் சொன்னேன். பெயரையும் எழுதிவிட்டு, “ரிஜிஸ்டர் நம்பர் சொல்லு சார்” என்றான். “சேருக்கு ஏதுப்பா நம்பரு?” என்றேன். “நம்பர் இல்லாம நா பேரு எழுதுனதே இல்ல சார், கை ஓடாது” என்று பிரஷ்ஷை வைத்துவிட்டான். வேறு வழியில்லாமல் என் ஸ்கூட்டர் நம்பரைக் கொடுத்தேன். திங்கட்கிழமை வரை தொடக் கூடாதாம், ஈரம்.

நீங்கள் சொன்னால் அக்கா கேட்பாள். உங்கள் அப்பாவைப் பற்றிச் சொன்னதற்கு அவள் காலில் விழவும் தயார் என்று சொல்லிக் கையோடு கூட்டிவாருங்கள். பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம், உங்கள் மனைவி, என் தங்கச்சி சிந்துஜாவுக்கு என் அன்பு. அடுத்த முறை நீங்கள் வந்தால் எந்த நாற்காலியில் வேண்டுமானாலும் உட்காரலாம்.

உப்பில்லாத சாம்பாருடன்,
உங்கள் மாமா கண்ணாயிரம்.

பி.கு.: கவர் ஒட்டப் பசை தேடும்போது கேட் சத்தம். அவளே வந்துவிட்டாள்! கையில் தூக்கு நிறையக் கொத்சு. “நா ஒன்னும் இங்க இருக்க வரல, சொல்லிட்டுப் போவத்தான் வந்தேன். கால் ஒடஞ்ச சேருன்னு ஸ்டேஷன்ல ஏலம் வுட்டாங்க. எங்கப்பா எடுத்தாந்து படகுப் பலகையில ஒரு கால் செஞ்சி போட்டாரு. மூனு காலுதான் ரயில்வே, நாலாவது எங்கப்பா. திருட்டுச் சேருன்னா அந்தக் கால கழட்டி எங்கிட்ட குடுங்க, மீதிய நீங்களே வச்சிக்குங்க” என்றாள். நான் நாற்காலியைக் காட்டினேன். பெயரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். “இது இன்னா நம்பரு?” என்று கேட்டாள். சொன்னேன். ஐந்து நாளைக்கு அப்புறம் இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. சிரித்துக்கொண்டே போய் அதில் உட்கார்ந்து, நன்றாகச் சாய்ந்தும் கொண்டாள். எனக்கு இருந்த சந்தோஷத்தில் ஈரம் என்று சொல்ல மறந்துபோனேன்.

இப்போது காப்பி போடுகிறாள். தங்கச்சி எடுத்துக்கொடுத்த சந்தனக்கலர் புடவையின் முதுகில் ‘அமராவதி’ இடம் வலமாகத் திரும்பி விழுந்திருக்கிறது, கீழே என் ஸ்கூட்டர் நம்பர். அவளுக்கு இன்னும் தெரியாது. போன் இந்நேரம் உங்கள் கைக்கு வந்திருக்கும், கடிதத்தைப் படம் பிடித்து அனுப்புகிறேன். மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடுங்கள். அக்காவைக் கூட்டிவர வேண்டாம், அவள் புடவையை மாற்றுவதற்குள் நீங்கள் மட்டும் அடுத்த பஸ்ஸைப் பிடித்து வாருங்கள்.