நாகாவதி மீன்களின் திமிர்

மீனுங்களுக்கு இனிமே நான் மரியாதை குடுக்கிறதா இல்லைங்க. ரொம்ப நாள் குடுத்தாச்சு.

அதியமான்கோட்டையில லாரி ஸ்பேர் பார்ட்ஸ் கடை வெச்சிருக்கேன். வாரம் பூரா ஹாரன் சத்தம். ஞாயித்துக்கிழமை ஆனா தூண்டிலைத் தூக்கிக்கிட்டு நாகாவதி அணைக்குப் போயிடுவேன். மீன் மாட்டாது. மாட்டணும்னு நான் கேட்டதும் கிடையாது. யாரும் ஒண்ணும் கேக்காம, தண்ணியைப் பார்த்துக்கிட்டு சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருப்பேன், அவ்வளவுதான். இது என் வூட்டுக்காரி அமுதவல்லிக்குப் பொறுக்கலை.

அணையில மீன் இருக்குதா இல்லையான்னு ஒரு நாள் கேட்டா. இருந்தா மாட்டாதான்னு நான் திருப்பிக் கேட்டேன். மீனே இல்லாத தண்ணியில தூண்டில் எதுக்குன்னு தீர்ப்பு சொல்லிட்டா. இந்த ஞாயிறும் வெறுங்கையோட வந்தா, அடுத்த ஞாயித்துல இருந்து பென்னாகரம். அங்க என் மாமியார் காசியம்மாளுக்கு ராகிக் காடு இருக்கு. காடு பூரா களை இருக்கு. அதைப் புடுங்க மருமகன்தான் இல்லை.

என் ஞாயித்துக்கிழமையைக் காப்பாத்தத்தான் ஒரு கேமராவை வாங்கினேன். ஆன்லைன்ல வந்துச்சு. எலுமிச்சம்பழம் மாதிரி இருக்கும், நீளமான வயர்ல தொங்கும். தண்ணிக்குள்ள எறக்கிட்டா, அடியில நடக்கிறது அத்தனையும் செல்போன்ல தெரியும், ரெக்கார்டும் ஆகும். கூடவே ஸ்ட்ராபெரி வாசனை அடிக்கிற இரை ஒரு டப்பா.

அணையில எனக்குப் பக்கத்துல உக்கார்றவரு தீர்த்தகிரி. ரிட்டையர்டு கண்டக்டர். கேமராவைப் பார்த்துட்டுத் தலையில அடிச்சிக்கிட்டாரு.

"இது எதுக்குங்க உங்களுக்கு? மீன் இல்லைன்னு நெனச்சிக்கிட்டு நிம்மதியா வூட்டுக்குப் போய்க்கிட்டு இருந்தீங்க."

காலத்தோட ஒத்துப் போகணும்னு அவருக்கு விளக்கினேன். மனுஷன் எந்திரிச்சி, தூண்டிலைத் தூக்கிக்கிட்டு தூரமா போய் உக்காந்துட்டாரு. அவரு சொன்னது சரியாப் போச்சு, அதுதான் எனக்கு ஆத்திரம்.

மீன் இருந்துச்சுங்க. முகூர்த்த நாள்ல தர்மபுரி பஸ் ஸ்டாண்டுல கூட அத்தனை கூட்டம் பார்த்ததில்லை. கொழுத்த ஜிலேபி மீனு ஒண்ணு வந்துச்சு. என் இரைக்கு முன்னாடி நின்னுச்சு. மோந்து பார்த்துச்சு. அப்புறம் என்னைப் பார்த்துச்சு. கேமராவைத்தான் பார்த்துச்சு, ஆனா யாரைன்னு எனக்குத் தெரியாதா? வாலைத் திருப்பிக்கிட்டுப் போச்சு. போனது சும்மா போச்சா? சொந்தக்காரங்களை எல்லாம் கூட்டிக்கிட்டு வந்துச்சு. அதுங்களும் மோந்து பார்த்துட்டுக் கெளம்பிட்டுதுங்க. ஒரு கெண்டை என் இரையை வாயில வாங்கி, துப்பிச்சு. துப்பிச்சுங்க! இத்தனை வருஷமா என் தூண்டிலுக்குக் கீழே இதுதான் நடந்திருக்கு. கேமரா இல்லாதப்போ மீன் இல்லை. கேமரா வந்தப்புறம் மானம் இல்லை. இதுக்குப் பேரு முன்னேற்றமாம்.

வூட்டுக்கு வெறுங்கையோடதான் போனேன். ஆனா சாட்சி இருந்துச்சே. குத்தம் என் மேல இல்லை, மீன் மேலதான்னு செல்போனை அமுதவல்லி கையில குடுத்தேன். இதுங்க பண்ற அக்கிரமத்தை நீயே பாருன்னேன். பார்த்தா. கெண்டை துப்பின இடத்துல "ச்சே, மீனுக்கு இவ்வளவு திமிர் ஆகாது"ன்னா. எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு. பென்னாகரத்துல இருந்து தப்பிச்சோம்னு நெனச்சி, மீதியையும் நிதானமா பாருன்னு சொல்லிட்டுக் குளிக்கப் போனேன்.

மீதியில என்ன இருக்குன்னு நான் யோசிக்கலை.

எனக்குச் சுகர். அதனால அணைக்குப் போகும்போது டிபன் பாக்ஸ்ல ராகிக் களி கட்டிக் குடுப்பா. மாமியார் காட்டு ராகி. களி சூடா இருந்தா, மெல்லாம முழுங்கலாம், தொண்டையில வழுக்கிக்கிட்டு எறங்கும். ஆறிடுச்சுன்னா செங்கல். அணைக்கு எதுத்தாப்புல ஒரு கடையில புரோட்டா போடுறாங்க, சுடச்சுட மீன் வறுக்குறாங்க. மனுஷன் என்னதான் பண்ணுவான், நீங்களே சொல்லுங்க.

தலையைத் துவட்டிக்கிட்டு வந்தேன். அமுதவல்லி செல்போனை என் மூஞ்சிக்கு நேரா நீட்டினா. மேலே இருந்து ஒரு உருண்டை வந்து தண்ணிக்குள்ள எறங்குச்சு. பின்னாலேயே இன்னொண்ணு. அப்புறம் ஒரு கை டிபன் பாக்ஸைக் கழுவுச்சு, மாமியார் போட்ட மோதிரத்தோட. கழுவி முடிக்கல, அந்தக் கொழுத்த ஜிலேபி பாய்ஞ்சு வந்துச்சு. கெண்டை வந்துச்சு. ஊரே வந்துச்சு. அடிச்சிப் புடிச்சித் தின்னுச்சுங்க. என் ஸ்ட்ராபெரியைத் துப்பின அதே வாயி.

"இது என்னங்க?"

"கை தவறிடுச்சு."

"ரெண்டுமா?"

"ஒண்ணை எடுக்கப் போயி இன்னொண்ணு."

"அப்புறம் என்ன சாப்பிட்டீங்க?"

மறுபடியும் தலையைத் துவட்ட ஆரம்பிச்சேன். அவ கத்தலை. கத்தியிருந்தா பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தா.

"ஞாயித்துக்கிழமை நீங்க அணைக்கே போங்க."

காதுல சரியா விழலையோன்னு நெனச்சேன். அப்போ பென்னாகரம்?

"அது வேணாங்க. அங்க போய் உக்காந்தா உங்களுக்கு ஒரு நிம்மதி, அதை நான் எதுக்குக் கெடுக்கணும்? கேமராவையும் எடுத்துக்குங்க. தண்ணிக்குள்ள மட்டும் போட வேணாம். கரையில, உங்க வாய்க்கு நேரா வையுங்க. களி உள்ள போறது எங்களுக்குத் தெரியணும்."

எங்களுக்குன்னா யாருக்குன்னு அப்போ கேக்காம விட்டுட்டேன்.

போன ஞாயிறு அணைக்கரையில, தீர்த்தகிரி வாயைப் பொத்திக்கிட்டுக் குலுங்க, முதல் உருண்டையை வாயில போட்டுட்டு, அமுதவல்லி புதுசா ஆரம்பிச்ச வாட்ஸ்அப் குரூப்புக்கு வீடியோவை அனுப்பினேன். ரெண்டு நிமிஷம் ஆகலை, அதே குரூப்புல பென்னாகரத்துல இருந்து மாமியார் குரல் வந்துச்சு: "மாப்பிள்ளை இன்னும் முழுங்கலை அமுதா, கன்னத்துல அடக்கி வெச்சிருக்காரு."