மண்ணுக்குக் காது வைத்தவர்கள் பற்றி நெரிடா அக்காவுக்கு

யுண்டாவுக்கு வடக்கே, தெற்கு ஆஸ்திரேலியா,
செப்டம்பர் 14.

மதிப்பிற்குரிய அக்கா நெரிடாவுக்கு, தம்பி மெர்வின் பணிவுடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் நாயும் சௌக்கியம். அடிலெய்டின் கடற்காற்றில் உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நிற்க, இத்துடன் வரும் அனுமதிக் காகிதத்தின் கடைசியில் உன் கையெழுத்துக்கு ஒரு கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோட்டின் மேல் பேனாவை வைத்துவிடாதே. காரணம் சொல்கிறேன்.

வீடும் வீட்டைச் சுற்றிய நிலமும் நம் இருவர் பெயரிலும் இருப்பதால்தான் உன்னிடம் வருகிறார்கள். வடக்கு மேய்ச்சல் நிலம் என் பெயரில் மட்டும் என்பதால் அங்கே போன மாதமே நான் ஏமாந்தாகிவிட்டது. செம்பு தேடும் ஏதோ ஒரு கம்பெனி. வந்த குழுவுக்குத் தலைவி டாம்சின் என்றொரு பெண், முப்பது வயதுகூட இருக்காது. நான் செய்த பழக்கேக்கில் இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு, "செம்பு இருந்தா எங்களுக்கு. வழியில தண்ணி தெரிஞ்சா அந்த நிலத்தடிப் படம் உங்களுக்குச் சும்மாவே தர்றோம் பெரியவரே" என்றாள். சும்மா தருகிறேன் என்று வருகிறவர்களை நம்ப முடியுமா? ஆனால் மூன்றாவது துண்டும் கேட்டாள் அக்கா. கை தானாகக் கையெழுத்துப் போட்டுவிட்டது.

பிறகு ஒரு வண்டி வந்தது. அதன் வயிற்றுக்கடியில் ஒரு இரும்புத் தகடு. அதை மண்ணில் ஊன்றிக்கொண்டு வண்டி மொத்தமும் கிடுகிடுவென்று உதறும். அந்த அதிர்வு கீழே போய்ப் பாறையில் முட்டித் திரும்புமாம். அதைக் கேட்பதற்கு நிலம் நெடுக மஞ்சள் டப்பா, ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு ஆணி. முப்பது வருஷத்துக்கு முன்னால வந்தவங்க வெடி வெச்சாங்க, மைல் கணக்குல ஒயர் இழுத்தாங்க, பாதி ஒயரை நம்ம ஆடுங்க கடிச்சுத் துப்புச்சு, ஞாபகம் இருக்கா? இப்போ ஒயரே கிடையாது! ஒயர் இல்லாம சேதி யாருக்குப் போகுது? கேட்டா, "எல்லாம் டப்பாக்குள்ளயே பதிவாகும். கர்ப்பிணிக்கு ஸ்கேன் எடுக்கிற மாதிரிதான்"ங்கறா. கர்ப்பம்னு தெரிஞ்ச பிறகுதானேம்மா ஸ்கேனுக்குப் போவாங்கன்னு கேட்டேன், சிரிச்சே மழுப்பிட்டா.

சரி, இவங்க யோக்கியதையைப் பார்த்துடுவோம்னு கிடாக் கொட்டில் கேட்டை வேணும்னே திறந்து விட்டேன். பட்டணத்து ஆளுங்க எப்படியும் சாத்திடுவாங்க, 'கேட்டை இருந்தபடி விடு'ங்கற சட்டத்தை மீறிட்டீங்கன்னு பிடிச்சு வெளியே தள்ளிடலாம்னு கணக்கு. சாயங்காலம் போய்ப் பார்த்தா ஒரு கிடாகூட இல்லை! அத்தனையும் பெட்டைங்களோட குலாவிட்டு இருக்கு. வண்டி ஓட்டற டோங்கா தீவுக்காரன் விலியாமியைப் பிடிச்சுக் கத்தினேன். "திறந்திருந்துச்சு, திறந்தே விட்டேன். போர்டுல நீங்கதானே பெரியவரே எழுதி மாட்டியிருக்கீங்க?"ன்னான். பிப்ரவரி கோடை வெயில்ல குட்டி போடப் போகுதுங்க எல்லாம். இவ்வளவு ஒழுங்கா நடந்துக்கறவன் மனசுல என்னமோ வெச்சிருக்கான்னு எனக்கு அப்பவே தோணிடுச்சு.

இன்னும் கேளு. போர் கிணத்துப் பக்கத்துல நாலு டப்பா நட்டிருந்தாங்க. என் பேச்சை ஒட்டுக் கேக்கறாங்கன்னு நான் அந்தப் பக்கம் போனா வாயே திறக்க மாட்டேன், நாயைக்கூடக் கூப்பிட மாட்டேன். போன வியாழக்கிழமை டாம்சின் லேப்டாப்பைத் தூக்கிட்டு சமையலறைக்கே வந்தா. திரையில கோடு கோடா என்னமோ. "இது வண்டியோட அதிர்வு இல்லை பெரியவரே, நீங்க. ஒரு காலை இழுத்து நடக்கறீங்க. தினம் ஒம்பது தடவை போர் கிணத்துக்குப் போறீங்க. ரெண்டு நிமிஷம் நிக்கறீங்க. குழாயில ஒரு தட்டு தட்டறீங்க, திரும்பிடறீங்க." அப்புறம் குரலைத் தணிச்சு, "தண்ணி இன்னும் எத்தனை நாளைக்கு வரும்?"னா.

எனக்கு முகம் செத்துப் போச்சு அக்கா. உன்கிட்டயே நான் சொல்லலை. போர் தண்ணி கொஞ்சம் இறங்கியிருக்கு, அவ்வளவுதான், நீ பதறாதே. எண்ணூறு ஆட்டுக்கு இன்னும் மூணு வாரம் தாங்கும். இந்த வட்டாரத்துக்கே கம்பி பிடிச்சு நீரோட்டம் பார்த்துக் குடுக்கறவன் நான், எனக்கு ஒரு இடம் பார்த்துக்கத் தெரியாதா? இந்த வருஷம் மூணு இடம் பார்த்தேன், மூணு இடத்துலயும் கம்பி அப்படியே வளைஞ்சுது. தோண்டினோம். தண்ணி வரலை, அது தோண்டினவன் தப்பு. பக்கத்து நிலத்து டட்லி மட்டும், "என்ன மெர்வின், கம்பி துரு பிடிச்சிருச்சா?"ன்னு பார்க்கறப்பல்லாம் குத்தறான்.

இப்போ இவ சொல்றது என்னன்னா, வடக்குப் பக்கத்துப் படத்துல பாறையில ஒரு பெரிய வெடிப்பு தெரியுதாம், தண்ணி நிக்கிற வெடிப்பாம், அது சாய்ஞ்சு சாய்ஞ்சு வீட்டுப் பக்கம் வருதாம். எங்கே வருது தெரியுமா? உன் டென்னிஸ் மைதானத்துக்கு அடியில! கறையான் புத்து மண்ணை இடிச்சு நீயே உருட்டின மைதானம். பூட்ஸ் போட்டு எவனும் கால் வைக்கக் கூடாதுன்னு நீ போட்ட சட்டத்தை நாப்பது வருஷமா காப்பாத்திட்டு வர்றேன், கம்பியோட நானே அதுல இறங்கினதில்லை. அதுமேல அந்த உதறல் வண்டியை ஏத்தி இன்னொரு படம் எடுக்கணும், அப்புறம் துளை போடணும்னு எவ்வளவு தைரியமா கேக்கறா பாரு! தண்ணியா அவளுக்கு முக்கியம்? இதுல வேற ஏதோ இருக்கு. காகிதத்தைக் கிழிச்சு அடுப்புல போடு.

உன் முழங்காலுக்கும், மருமகளுக்கும், பேரப்பிள்ளைகளுக்கும் கடவுள் ஒரு குறையும் வைக்காமல் இருக்கட்டும்.

இப்படிக்கு, உன் அன்புத் தம்பி
மெர்வின்

பி.கு.: கவரை ஒட்டறதுக்கு முன்னாடி மனசு கேக்கலை. பூட்ஸைக் கழட்டிட்டு சாக்ஸோட மைதானத்துல இறங்கினேன், கோபிச்சுக்காதே. கம்பியைப் பிடிச்சுக்கிட்டு அவ சொன்ன கோட்டு மேல இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நாலு தடவை நடந்தேன். கம்பி துளிகூட அசையலை அக்கா. மூணு இடத்துல வளைஞ்சுது, மூணுலயும் புழுதிதான் வந்துது. இங்கே வளையவே இல்லை. இவ்வளவு நம்பிக்கை எனக்கு எந்த இடத்து மேலயும் வந்ததில்லை. மூணு வாரம்னு எழுதினது பொய், இன்னிக்குக் காலையில குழாயில காத்துதான் வந்துது. கையெழுத்துப் போட்டு உடனே தபால்ல சேர்த்துடு. டட்லி போன் பண்ணினா, இடம் பார்த்தது மெர்வின்தான்னு சொல்லிடு.