நடுப்படியில் நின்ற சம்பந்தியம்மா

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு எல்லோரும் நலம். அங்கும் அப்படியே என்று நம்புகிறேன். உங்கள் மகனின் வேலைக்கு ஆபத்து எதுவும் இல்லை. மாப்பிள்ளையே இன்று காலை தொலைபேசியில் என்னிடம் இதை உறுதி செய்தார். என் மனைவியால் அவர் பிழைப்பு கெட்டது என்று உங்கள் காதுக்கு எட்டிய செய்தி பாதிதான் உண்மை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

புதிய ரயில் முனையத்தில், நடைமேடைக்கு இறங்கும் படிக்கட்டின் நடுவே அகலமான தளம் ஒன்று வேண்டும், இல்லாவிட்டால் நெரிசலில் யாராவது விழுவார்கள் என்பது மாப்பிள்ளையின் கட்சி. வீண் செலவு என்பது தலைமைப் பொறியாளரின் கட்சி. கட்டுவதற்கு முன், படியில் கூட்டம் இறங்குவதைக் கணினியில் ஓட்டிப் பார்த்தார்கள். அதில் பயணிகள் வெறும் புள்ளிகள். ஒரு புள்ளியும் நிற்கவில்லை, திரும்பவில்லை, எல்லாம் இறங்கிப் போய்க்கொண்டே இருந்தன. மாப்பிள்ளைக்கு முகம் தொங்கிவிட்டது. நிஜ மனிதர்களின் நடையைப் பதிவு செய்து ஊட்டினால்தான் சரிவரும் என்று, நாங்கள் ஊருக்குக் கிளம்பிய அன்று பழைய நிலையத்தில் தன் அத்தையின், அதாவது என் மனைவியின், பின்னால் கேமராவோடு வந்தார். அவளும் வழக்கம்போல நடுப்படியில் நின்று, பின்னால் வந்த கூட்டத்தையும் நிறுத்தி, வீட்டில் கேஸ் அடுப்பை மூடினீர்களா என்று கேட்டாள், மூடினேன் என்றேன், நம்பாமல் இரண்டு படி ஏறினாள், பைகளை எண்ணினாள், பிறகு இறங்கினாள். அந்த நடையைச் சில புள்ளிகளுக்கு மட்டும் கொடுக்க வேண்டியவர், அவசரத்தில் எல்லாவற்றுக்கும் கொடுத்துவிட்டார். அதிகாரிகள் பார்த்துக்கொண்டிருக்க, திரையில் மொத்தக் கூட்டமும் நடுப்படியில் நின்றது, ஒன்றாக மேலே திரும்பியது, ரயில் காலியாகக் கிளம்பிப் போனது.

"யாருய்யா இது?" என்றார் தலைமைப் பொறியாளர்.

"எங்க அத்தை சார்."

"எல்லாருமேவா?"

"எல்லாருமே அத்தைதான் சார்."

தவறைத் திருத்திச் சில புள்ளிகளுக்கு மட்டும் கொடுத்து மறுபடி ஓட்டினார். அப்போதும் படி அடைத்துக்கொண்டது. தலைமைப் பொறியாளர் யோசித்துவிட்டு, "அந்தம்மாவ அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டிட்டு வாங்க. என் கண்ணு முன்னாடி நடக்கட்டும். நின்னாங்கன்னா தளத்துக்குக் கையெழுத்துப் போடுறேன்" என்றாராம். ஆகவே நீங்கள் நிம்மதியாக இருக்கலாம். கல்யாணமான நாளிலிருந்து அவள் நிற்காமல் இறங்கிய படியை நான் பார்த்ததில்லை.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி.

தங்கள்,
சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் அவள் இதை வாங்கிப் படித்துவிட்டாள். "ஒரு ரயிலையே காலியா அனுப்பினவள்னு எழுதியிருக்கீங்க. வெள்ளிக்கிழமை நான் எங்கயும் நிக்கப் போறதில்ல, பாத்துக்கோங்க" என்றாள். அப்போதிருந்து எங்கள் மாடிப்படியில் பயிற்சி நடக்கிறது; இதுவரை ஒருமுறைகூட நிற்கவில்லை. மாப்பிள்ளைக்கு இன்னும் தெரியாது. என் பேச்சு எடுபடவில்லை. நீங்கள் சொன்னால் கேட்கலாம். கடிதம் கிடைத்ததும் அவளிடம் பேசுங்கள். தளம் உண்டா இல்லையா என்பது வெள்ளி காலை பத்து மணிக்குத் தெரியும்.