இடுக்கி மூட்டையும் வயநாட்டு மூட்டையும்

மட்டாஞ்சேரி,
ஞாயிறு.

அன்பு மச்சான் அன்சார் அவர்களுக்கு, சையது முஹம்மது எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் கிருபையால் உங்கள் தங்கை ஜுமைலாவும் நானும் நலம். என் முழங்கால் மட்டும் நலமில்லை, அதை விடுங்கள்.

என் மகள் ரஃபீனாவுக்குப் பாலக்காட்டுக் கல்லூரியில் வேலை பார்த்து வைத்தீர்கள். ஒன்பது வருஷம் ஆராய்ச்சி செய்தும் ஒன்றும் கிடைக்கவில்லையே என்று நீங்கள் கேட்டதும் நியாயம். அவளும் வருவதாகத்தான் இருந்தாள். கெடுத்தது நான்.

வெள்ளிக்கிழமை சாயா குடிக்கும்போது, அப்படி என்னதான் தேடுகிறாய் என்று கேட்டுத் தொலைத்தேன். ஹிக்ஸ் என்று ஒரு துகளாம், அதன் எடையைக் கணக்குப் போட்டால் மலை போல ஒரு எண்ணிலிருந்து மலை போல இன்னொரு எண்ணைக் கழிக்க வேண்டுமாம், மிஞ்சுவது மிளகு மணி அளவாம், இது இயல்பாக இல்லையே, ஒவ்வொரு துகளுக்கும் ஒளிந்திருக்கும் ஜோடி ஒன்று சரிக்கட்டுகிறதோ என்று பெரிய விஞ்ஞானிகள் சந்தேகப்பட்டார்களாம், பிரபஞ்சமெங்கும் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் கரும்பொருளே அப்படி ஒரு ஜோடியாக இருக்கலாமாம், பூமிக்கடியில் தொட்டி கட்டிக் காத்திருந்தும் ஒன்றும் சிக்கவில்லையாம். ஜோடி என்ற சொல் மட்டும் காதில் விழுந்து, மாப்பிள்ளை யார் என்று ஜுமைலா அடுக்களையிலிருந்து ஓடி வந்தது தனிக்கதை.

"ரெண்டு எண்ணும் தற்செயலா ஒத்துப்போயிருக்கும் அத்தா. விட்டுடலாம்" என்றாள் ரஃபீனா.

எனக்கு வந்ததே கோபம். முப்பத்தெட்டு வருஷம் மிளகு மண்டியில் தராசு பிடித்தவன் நான். அளக்காமல் கட்டிய இடுக்கி மூட்டையும் வயநாட்டு மூட்டையும் மணி பிசகாமல் ஒத்துப்போய் ஒருநாளும் பார்த்ததில்லை. ஒத்துப்போனால் தட்டுக்கு அடியில் எவனோ கை வைத்திருக்கிறான்.

"கை இருக்கு மோளே, தேடு" என்றேன்.

என்னையே பார்த்தாள், சிரித்தாள், கல்லூரிக்கு வரவில்லை என்று அன்றே எழுதிவிட்டாள். இப்போது மாடியில் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு வேலை பார்க்கிறாள். எனக்கு மனசு நிறைந்திருக்கிறது மச்சான்.

வீட்டில் எல்லோருக்கும் சலாம். அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளும், என்மேல் கொஞ்சம் பொறுமையும் தரட்டும்.

இப்படிக்கு,
சையது முஹம்மது

பி.கு.: இன்று திங்கள். தபாலில் போடப் போகும் வழியில், நான் தராசு பிடித்த விஸ்வேஸ்வரன் மண்டியில் எட்டிப் பார்த்தேன். பழைய தராசில் ஒரு பக்கம் அளக்காமல் கட்டிய இடுக்கி மூட்டை, மறுபக்கம் அதே போல ஒரு வயநாட்டு மூட்டை வைத்தேன். முள் நடுவில் நின்றது. இடம் மாற்றி வைத்துப் பார்த்தேன், அப்படியே நின்றது. முழங்காலையும் பாராமல் குனிந்து அடியில் பார்த்தேன். ஒரு கையும் இல்லை. ரஃபீனாவிடம் சொல்லவில்லை. அந்தக் கல்லூரி வேலை இன்னும் காலியாக இருக்கிறதா என்று, என் பேரைச் சொல்லாமல், கொஞ்சம் விசாரித்து வையுங்கள்.