அத்தையின் நெல்லுக்கு நான் அடித்த ஹார்மோன்

படித்ததை மறந்தவர்களால் பெரிய ஆபத்தில்லை. மறந்ததை ஒப்புக்கொள்ள வெட்கப்படுகிறவர்களால்தான் ஆபத்து. நான் இரண்டாவது ரகம்.

விவசாயப் பட்டம் வாங்கிய கையோடு கிளியனூருக்கு மருமகளாக வந்தேன். என் மாமியார் ஒற்றை ஆளாக ஒரு ஏக்கர் நெல் பயிரிடுகிறவர். எனக்கு அத்தை. தன் மருமகள் பயிருக்கெல்லாம் டாக்டர் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். (நான் ஒருமுறைகூட மறுக்கவில்லை.)

அந்த வருடம் பக்கத்து வயலில் குலைநோய் வந்தது. இலையில் புள்ளி புள்ளியாக விழுந்து, கடைசியில் கதிரின் கழுத்தையே கருக்கிவிடும் பூஞ்சை. அத்தை பயந்துபோனார். அந்த நெல்தான் எங்கள் வீட்டுக்கு வருடம் முழுக்கச் சோறு. நான் கெத்தாக விளக்கினேன்: பூஞ்சை தாக்கினால் பயிர் தனக்குள்ளேயே ஹார்மோன் சுரந்து எதிர்த்து நிற்கும், நாமும் வெளியிலிருந்து கொஞ்சம் தெளித்தால் போதும். எந்த ஹார்மோன் என்பதுதான் மறந்துவிட்டது.

திண்டிவனத்தில் மருந்துக்கடைக்காரரும் அதையேதான் கேட்டார். பக்கத்தில் அத்தை பெருமையோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நல்லா ஓடுறது எதுவோ, அதையே குடுங்க" என்றேன்.

பாட்டிலில் ஜிப்ரலிக் அமிலம் என்று போட்டிருந்தது. பரீட்சைக்குப் படித்த பெயர்தானே என்று தைரியமாக அடித்தோம்.

பத்தே நாளில் நெல் கிடுகிடுவென்று உயர்ந்தது. அத்தை ஆள் கூட்டிவந்து காட்டினார். என் நடையே மாறிவிட்டது. அப்புறம் ஒரே ஒரு மழைக்காற்றுதான். மொத்தப் பயிரும் பாய் விரித்த மாதிரி படுத்துவிட்டது. போதாக்குறைக்குக் குலைநோயும் வந்து உட்கார்ந்தது.

பழைய நோட்டைத் தேடிப் புரட்டினேன். நெல்லுக்கு எதிர்ப்பைக் கூட்டுவது ஜாஸ்மோனிக் அமிலம். ஜிப்ரலிக் பயிரை நெட்டையாக்கி, எதிர்ப்பைக் குறைத்துவிடும். என் கையெழுத்தேதான், சிவப்பு மையில் அடிக்கோடு வேறு!

வரப்பில் நின்று அத்தையிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவர் குனிந்து ஒரு கதிரை நிமிர்த்திப் பார்த்தார். அது திரும்பவும் சாய்ந்தது.

"அழுதுக்கினு நிக்காத. யாருனா கேட்டா காத்துல சாஞ்சிச்சின்னு சொல்லிக்கலாம். தெரியலன்னா தெரியலன்னு சொல்லும்மா, நான் என்ன உனக்குப் பரீட்சையா வச்சேன்?"

அந்த வருடம் கடை அரிசிதான் சாப்பிட்டோம். ஊரைப் பொறுத்தவரை இன்றும் அது காற்று செய்த வேலை. வீட்டுக்குள் அப்படியில்லை. என் மகள் இப்போது அவள் அப்பாவையே தாண்டி வளர்ந்து நிற்கிறாள். லேசாக வானம் கறுத்தால் போதும், அத்தை என்னைக் கூப்பிடுவார்.

"உன் பொண்ண உள்ள வரச்சொல்லு. காத்தடிக்குது, சாஞ்சிடப் போறா."