எட்டு மணி நேரம் வேக வேண்டிய பன்றித் தொடை

திருப்பதி,
மார்கழி 13.

பெரம்பூரில் இரண்டு ஃபிரிட்ஜும் ஒரு ஏசியும் சகல சௌபாக்கியங்களுமாக வாழ்ந்துவரும் மைத்துனர் சந்திரன் அவர்களுக்கு, திருப்பதியில் மாடிப் போர்ஷனில் ஒண்டிக்கட்டையாகக் காலம் தள்ளும் வேங்கடாசலம் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நான் நலமில்லை. அவ்விடம் தாங்கள் நலம் என்பதை என் மகள் கீர்த்தி பன்னிரண்டு நாட்களாக வாட்ஸ்அப்பில் போட்டுவந்த படங்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஒரு படத்தில் தாங்கள் சிவப்புக் குல்லாய் மாட்டிக்கொண்டு கேக் வெட்டுகிறீர்கள். போனில் பேசினால் நடுவில் சிரித்துப் பேச்சை மாற்றிவிடுவீர்கள் என்பதால் கடிதமாக எழுதுகிறேன். கடிதத்துக்கு நடுவில் புகுந்து யாரும் சிரிக்க முடியாது.

விஷயம் தாங்கள் ஐஸ் பெட்டியில் அனுப்பிவைத்த பன்றித் தொடையைப் பற்றியது. அதற்கு முன்னால் ஒன்றை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். நான்கு வருஷத்துக்கு முன் அரக்கோணம் சர்ச்சில் கீர்த்திக்கும் டெரிக்குக்கும் கல்யாணம் நடந்தபோது நான் வரவில்லை. புயலில் மின்கம்பங்கள் சாய்ந்துவிட்டன, லைன்மேனுக்கு லீவு இல்லை என்றேன். அன்றைக்குப் புயலே இல்லை என்பது உங்களுக்கும் தெரியும், வானிலை அறிக்கைக்கும் தெரியும். ரயில்வேக்கார ஆங்கிலோ இந்தியப் பையன், பன்றி சாப்பிடுகிற வீடு, சொந்த ஊர் புத்தூரில் பங்காளிகள் முகத்தில் எப்படி விழிப்பது என்று அப்போது தோன்றியது. அந்தப் பங்காளிகளில் பாதிப் பேர் இப்போது என்னோடு பேசுவதில்லை, அது வேறு காரணம். தகப்பன் வராத குறை தெரியாமல் தாங்கள் கோட்டு மாட்டிக்கொண்டு என் மகளின் கையைப் பிடித்து நடத்திப்போய் மாப்பிள்ளையிடம் ஒப்படைத்தீர்கள். தாய்மாமன் செய்ய வேண்டியதையும் செய்தீர்கள், தகப்பன் செய்ய வேண்டியதையும் செய்தீர்கள். உங்கள் அக்கா தாட்சாயணி உயிரோடு இருந்திருந்தால் அவள் செய்யவும் ஒன்றும் மிச்சம் வைத்திருக்க மாட்டீர்கள்.

இப்போது இருவரும் மெல்போர்னிலிருந்து முதல்முறையாக வருகிறார்கள், உங்கள் வீட்டில்தான் தங்குகிறார்கள், பண்டிகைக்கு மறுநாள் என் வீட்டுக்கு வருகிறார்கள் என்று தாங்கள்தான் போன் செய்தீர்கள். "ஒரு நாள் ஃபுல்லா இருப்பாங்க மாமா. அந்தப் புள்ள அவங்கம்மா போனப்புறம் கிறிஸ்துமஸுக்கு ஹாமே துன்னலயாம். நீங்க உங்க கையால ஒண்ணு செஞ்சி வெச்சீங்கன்னா நாலு வருஷத்துக் கோவம் எல்லாம் கரைஞ்சி பூடும்" என்றீர்கள். ஹாம் என்றால் உப்பில் ஊறப்போட்ட பன்றித் தொடை என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். கீழே குடியிருக்கும் வீட்டுக்காரி கன்னிகா அம்மாள் முட்டை ஓட்டைக் குப்பையில் பார்த்தாலே வீட்டைக் காலி செய்யச் சொல்கிறவள், அதுவும் மார்கழி மாதம் என்று சொன்னேன். அதற்குத் தாங்கள் சொன்னது: "அதுக்குத்தான் மாமா ஸ்லோ குக்கரு. மூடி போட்டா வாசனையே வெளிய வராது." இந்த வாக்கியத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரயில்வே ஸ்டேஷனில் போய்த் தாங்கள் அனுப்பிய பெட்டியையும் அந்த மின்சாரக் குக்கரையும் வாங்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறினால், பக்கத்தில் மலையிலிருந்து இறங்கிவந்த ஒரு குடும்பமே மொட்டைத் தலையும் சந்தனமுமாக உட்கார்ந்திருக்கிறது. அதில் பெரியவர், "பெட்டியில என்னாங்க, பிரசாதமா?" என்று கேட்டார். மருந்து என்றேன். யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டார். மாப்பிள்ளைக்கு என்றேன். உடனே அவர்கள் மாப்பிள்ளை நன்றாக இருக்க வேண்டும் என்று "கோவிந்தா" போட்டார்கள். நானும் தொடையை மடியில் வைத்துக்கொண்டு "கோவிந்தா" என்றேன். அந்தச் சாமி என்னை மன்னிக்கலாம். உங்களை மன்னிப்பாரா என்று தெரியாது.

கீர்த்தி செய்முறையைப் பதினாலு வாய்ஸ் மெசேஜில் அனுப்பியிருந்தாள். நான்கு வருஷத்தில் அவள் என்னிடம் பேசிய மொத்தப் பேச்சையும்விட அது அதிகம் என்பதால் ஒவ்வொன்றையும் மூன்று தடவை கேட்டேன். தொடையின் மேல் கொழுப்பைக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கிராம்பு குத்த வேண்டும். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக் கீறினேன், அறுபத்திரண்டு கிராம்பு. உப்புக் கரிக்குமே என்று கருவாட்டைப் போல ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்தது என் சொந்த யோசனை. மேலே பூசுவதற்குப் பழுப்புச் சர்க்கரையும் அன்னாசியும் என்று சொல்லியிருந்தாள். நான் சித்தூர் வெல்லத்தைப் பாகு வைத்து, மாம்பழக் கூழ் இரண்டு கரண்டி விட்டு, கடுகை அரைத்துச் சேர்த்தேன். மாமிசத்தைத் தொட்டுப் பதினோரு வருஷமாகிறது, பன்றியைப் பிறந்ததிலிருந்து தொட்டதில்லை. கை கூசத்தான் கூசியது. ஆனாலும் அந்தத் தொடைக்கு நான் பாகு பூசிய மாதிரி இந்த ஊரில் எவனும் தன் பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்திருக்க மாட்டான்.

காலை ஐந்து மணிக்குக் குக்கரில் வைத்து 'லோ' என்ற இடத்தில் திருகினேன். எட்டு மணி நேரம், ஒரு மணிக்குத் தயார், நடுவில் மூடியைத் திறக்கவே கூடாது. முப்பத்தொரு வருஷம் மின்சாரத் துறையில் லைன்மேனாக இருந்தவன் சொல்கிறேன், இப்படியொரு சோம்பேறிச் சாதனத்தை நான் பார்த்ததில்லை. விசில் கிடையாது, ஆவி கிடையாது, ஒரு சிவப்பு விளக்கு மட்டும் எரிகிறது. எங்கள் ஆபீஸில் கோப்பு நகர்கிற வேகத்தில் உள்ளே ஏதோ நடக்கிறது.

ஒன்பதரைக்குக் கார் வந்தது. கீர்த்தி இளைத்திருந்தாள், முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள், சிரிக்கும்போது தாட்சாயணி மாதிரியே இருந்தாள். மாப்பிள்ளை கைகூப்பி, "நல்லாக்கிறீங்களா அங்கிள்?" என்றார். அங்கிள். பெண்டாட்டியின் தாய்மாமனாகிய நீங்கள் அவருக்கு மாமாவாம். பெண் கொடுத்த நான், சரி, கொடுக்காத நான், அங்கிளாம். அதையும் பொறுத்துக்கொண்டேன். செருப்பைக் கழற்றுவதற்குள் கீர்த்தி சொல்கிறாள்: "நைனா, மூணு மணிக்கெல்லாம் கெளம்பணும். ட்ராஃபிக்ல மாட்டிக்கினா லேட்டாயிடும். சாயந்திரம் மாமா எங்களுக்காகப் பார்ட்டி வெச்சிக்கீறாரு, எல்லாரும் வந்துடுவாங்க."

இதுவரை மரியாதையாக எழுதிவிட்டேன் சந்திரா, இனி என்னால் முடியாது. அரைக்கால் சட்டை போட்ட காலத்திலிருந்து உன்னை நான் வா போ என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். பன்னிரண்டு நாள் வைத்திருந்தாயே, உனக்குப் போதவில்லையா? எனக்கென்று விட்ட ஒரே ஒரு நாளையும் நடுவில் அறுத்து, சாயங்காலப் பாதியை நீயே எடுத்துக்கொண்டாயே, நீயெல்லாம் மனுஷனா? அந்தப் பார்ட்டியை மறுநாள் வைத்தால் கேக் ஓடிப்போய்விடுமா?

அதோடு போகவில்லை. அவர்கள் வந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, வீட்டுக்கு வரும் மூன்று ஃபேஸ் கரண்ட்டில் ஒரு ஃபேஸ் போய்விட்டது. எது போனால் என் சமையலறை இருண்டுபோகுமோ அது. இந்தக் காலத்து மின்சாரத் துறையைப் பற்றி என்ன சொல்வது! நான் சர்வீஸில் இருந்தபோது எவனாவது வாய் திறந்து கரண்ட்டைக் குறை சொன்னால் சண்டைக்குப் போயிருக்கிறேன். இன்று நானே சொல்கிறேன், உருப்படாத துறை. எங்கள் ஏரியா லைன்மேன் செங்கல்வராயனைக் கூப்பிட்டேன். என்னிடம் வேலை பழகியவன்தான். கம்பத்தில் ஏறி இறங்கினான், மறுபடி ஏறி இறங்கினான். "சார், மூணு பேஸும் வந்துக்கினு கீது சார்" என்றான். முப்பத்தொரு வருஷ அனுபவம் பேசுகிறதா, உன் டெஸ்டர் பேசுகிறதா என்று மாப்பிள்ளை முன்னாலேயே சத்தம் போட்டேன். "உள்ள வந்து ஒரு தபா பாக்கட்டா சார்?" என்றான். வேண்டாம், உனக்கு வேலை தெரியாது என்று துரத்திவிட்டேன். சாயங்காலமே அவன் அதிகாரிக்குப் புகாரும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மாப்பிள்ளை தங்கமான பையன், அதுவும் எனக்குத் தொந்தரவாகத்தான் முடிந்தது. "அங்கிள், ஹால்ல ஃபேன் சுத்திக்கினுதானே கீது? அங்க இருந்து ஒரு ஒயர் இழுத்துக்கினா வெந்துடும் இல்ல?" என்று எழுந்துவிட்டார். எர்த்திங் சரியில்லை, ஷாக் அடிக்கும் என்றேன். அப்படியானால் கேஸ் அடுப்பில் வைக்கலாமே என்றார். மெதுவாக வேகவேண்டியதை வேகமாக வேகவைத்தால் கெட்டுவிடும், இருந்து சாயங்காலமாகச் சாப்பிட்டுப் போகலாமே என்றேன். அவர் கீர்த்தியைப் பார்த்தார். கீர்த்தி கடிகாரத்தைப் பார்த்தாள்.

பன்னிரண்டரைக்குக் கன்னிகா அம்மாள் படியேறி வந்தாள். பிள்ளைகள் வந்திருக்கிறார்களே என்று மார்கழிப் பூஜைக்குச் செய்த புளியோதரையை ஒரு பாத்திரம் நிறையக் கொண்டுவந்திருந்தாள். நல்ல மனசு, கெட்ட நேரம். ஹாம் சாப்பிடுவதற்காகக் கடல் தாண்டி வந்த பிள்ளை மூன்று தட்டுப் புளியோதரை சாப்பிட்டுவிட்டு, "சூப்பர் ஆன்ட்டி, வாழ்க்கைல இப்டி துன்னதில்ல" என்கிறார். கீர்த்தி வேர்க்கடலையைத் தனியாகப் பொறுக்கி எனக்கு வைத்தாள், சின்ன வயசுப் பழக்கம். சாப்பிட்டுக்கொண்டே என்ன பேசினார்கள் தெரியுமா? மாமா பீச்சுக்குக் கூட்டிப்போனார், மாமா பிரியாணி வாங்கிவந்தார், மாமா கிறிஸ்துமஸ் கேரல் பாடினார். உனக்குப் பாட வரும் என்று உன் அக்காவுக்கே தெரியாதேடா!

மூன்று பத்துக்குக் கிளம்பிவிட்டார்கள். கார் முனை திரும்பியதும் கரண்ட் வந்துவிட்டது. காலையில் வராதது, யாருமில்லாத வீட்டுக்கு வந்து நின்றது. குக்கரும் தன் பாட்டுக்கு வேலையைச் செய்து, ராத்திரி எட்டு மணிக்கு வெல்லமும் மாம்பழமும் கிராம்புமாகத் தெருவே மணக்கத் தொடங்கியது. வாசனையே வெளியே வராது என்றாயே, கீழே கன்னிகா அம்மாள் கோலப்பொடி டப்பாவோடு மேலே நிமிர்ந்து பார்த்து, "ஏமண்டி, என்னா காய்ச்சிக்கினு இருக்கீங்க? கமகமன்னு கீதே!" என்று கேட்டாள். வாயில் வந்தது பாயசம் என்பதுதான். "அப்போ ஒரு கரண்டி குடுங்க, சாமிக்கி வெச்சிட்டுத் தரேன்" என்று கிண்ணத்தோடு படியேறிவிட்டாள்.

சந்திரா, நீயே சொல். கதவுக்குக் குறுக்கே நின்றேன். தீய்ந்துவிட்டது என்றேன், மணக்கிறதே என்றாள். சர்க்கரை வியாதிக்காரன் பாயசம், இனிப்பு இருக்காது என்றேன். வெல்ல வாசனை வருகிறதே என்றாள். கடைசியில் தர முடியாது என்று சொல்லிவிட்டேன். அவள் முகம் விழுந்துவிட்டது. "பூஜைப் புளியோதரைய பாத்திரத்தோட துன்னீங்க. ஒரு கரண்டி பாயசத்துக்கு மனசு வரல. இப்படிப்பட்ட மனுஷாளுக்கு என் வீடு வேண்டாம். தை மாசம் காலி பண்ணிக்கிங்க" என்று கிண்ணத்தைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு இறங்கிப்போனாள். பன்றி வேகவைத்தான் என்று துரத்தியிருந்தால்கூட நியாயம். கஞ்சப்பயல் என்று துரத்துகிறாள். ஒன்பது வருஷ வாடகைக்காரனுக்கு இந்தப் பெயர்.

ஆகவே என் முடிவைக் கேட்டுக்கொள். என்னோடு வேலை பார்த்த பச்சையப்பன் நாளைக் காலை ரயிலில் சென்னை வருகிறான். அவன் கையில் குக்கரையும் தொடையையும் கொடுத்தனுப்புகிறேன். தொடையை உன் இரண்டு ஃபிரிட்ஜில் எதில் வேண்டுமானாலும் வைத்து, உன் பார்ட்டிக்காரர்களோடு துன்னு. இனி என் வீட்டுக்கு யாரையும் அனுப்பாதே. எனக்கு மகளும் வேண்டாம், மாப்பிள்ளையும் வேண்டாம், யோசனை சொல்ல மைத்துனனும் வேண்டாம். எது கெட்டாலும் கெடுத்தது நீயும் மின்சாரத் துறையும்தான்.

நீயும் உன் வீட்டாரும் நோய்நொடி இல்லாமல், கரண்ட் கட் இல்லாமல், கேட்காதவருக்கெல்லாம் யோசனை சொல்லிக்கொண்டு நீண்ட காலம் வாழ ஏழுமலையானைப் பிரார்த்திக்கும்,

உன் அக்கா புருஷன்,
வேங்கடாசலம்.

பி.கு.: கவரை ஒட்டிவிட்டு மறுபடி பிரித்து எழுதுகிறேன். ஃபேஸ் எதுவும் போகவில்லை. சமையலறை மெயின் சுவிட்சை அணைத்தது நான்தான். மூன்று மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று அவள் சொன்னதும் காபி போடுகிற சாக்கில் உள்ளே போய் அணைத்துவிட்டேன். எட்டு மணி நேரம் வேக வேண்டியது வேகாமல் கிடந்தால் ராத்திரி வரை இருப்பார்கள், இருந்தால் எப்படியாவது அந்தக் கல்யாணப் பேச்சை எடுத்து, நான் வராதது தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். புளியோதரை வரும் என்று நினைக்கவில்லை. செங்கல்வராயன் பாவம், நாளைக்குப் போய்ப் புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். பச்சையப்பன் வெறுங்கையோடுதான் வருவான், எதிர்பார்க்காதே. ஒரு துண்டு தின்று பார்த்தேன், உப்பு சரியாகத்தான் இருந்தது. இன்னொன்று. அவர்கள் போன பிறகு சமையலறைக்குள் போனால் குக்கரில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் போடவில்லை. கிளம்பும்போது பாட்டிலில் தண்ணீர் பிடிக்க உள்ளே போனவள் கீர்த்தி ஒருத்திதான். ஏன் நைனா என்று கேட்கவில்லை, புருஷனிடமும் சொல்லவில்லை. சுவிட்சைப் போட்டுவிட்டு வெளியே வந்து, என் சட்டைப் பித்தான் ஒன்று கழன்றிருந்ததை மாட்டிவிட்டு, காரில் ஏறிப் போயிருக்கிறாள்.