ஊர் பார்க்கிறவர்

ஊர் பார்க்கிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. நாலு குடித்தனம் வைக்கிற மாதிரி சின்னதாக ஒரு கட்டடம் வாங்கிப் போட்டு, வருகிற வாடகையில் காலை நீட்டி உட்கார வேண்டும் என்பது இவர்கள் கனவு. எந்த ஊரில் வாங்குவது? அங்கேதான் சிக்கல். பெண் பார்க்கிறவன்கூட ஒருநாள் கல்யாணம் செய்துகொள்வான். இவர்கள் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

எனக்குத் தெரிந்த கணக்காளர் ஒருவரையே எடுத்துக்கொள்ளுங்கள். துறைமுக ஊர் வேண்டாம், உப்புக்காற்றில் கம்பி துருப்பிடிக்கும். கல்லூரி ஊர் வேண்டாம், பையன்கள் சுவரெல்லாம் ஆணி அடிப்பார்கள். ஆலை இருக்கிற ஊரா, ஆலையை மூடிவிட்டால் யார் குடிவருவார்கள்? எல்லாம் பொருந்திய ஊர் ஒன்று இருந்தது. அங்கே விலை ஏறிவிட்டது. ஏறுமுன் ஏன் வாங்கவில்லை? இறங்கட்டும் என்று காத்திருந்தார்.

வெளியூரில் உறவுக்காரர் யாராவது ஆஸ்பத்திரியில் படுத்தால் முதல் ஆளாகக் கிளம்புவார். கட்டிலருகே உட்கார்ந்து, கையை ஆதரவாகப் பிடித்துக்கொண்டு, "இங்க மாடி போர்ஷன் என்ன வாடகை போகுது, சித்தப்பா?" என்பார். மூக்கில் குழாயோடு சித்தப்பா என்னத்தைச் சொல்வார்?

இத்தனை அலைச்சலும் மனைவிக்காகத்தானாம். அவளுக்கு முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. வாடகைக்கு இருப்பதோ லிப்ட் இல்லாத மூன்றாம் மாடி. படியேறும்போது நல்ல காலை முதலில் வை என்கிறார் டாக்டர். நல்ல காலுக்கு அவள் எங்கே போவாள்?

"கீழ் வீடா ஒண்ணு பாத்து மாறிடலாமாங்க?"

"மறுபடியும் வாடகைக்கா? கொஞ்சம் பொறும்மா. கட்டடம் வாங்கினா கீழ் போர்ஷன் உனக்குத்தான்."

"எந்த ஊர்ல?"

"அதைத்தானே பாத்துக்கிட்டிருக்கேன்!"

அவர் அடுத்த ஊர் பார்க்கப் போயிருந்தபோது, அதே கட்டடத்தின் தரைத்தளத்தில் இருந்தவர்கள் காலி செய்தார்கள். அவள் கட்டடச் சொந்தக்காரரிடம் பேசினாள். ஆள் வைத்துக் கட்டிலை இறக்கினாள். கையோடு மேல் வீட்டைப் பூட்டினாள்.

திரும்பி வந்தவர் மூன்று மாடி ஏறிப் பூட்டைப் பார்த்தார். விசாரித்து, மூச்சு வாங்க இறங்கி வந்து கதவைத் தட்டினார்.

"என்னடி இது, ஒரு வார்த்தை கேக்காம! இந்த ஊரு வளருமான்னு பாத்தியா?"

"வளரட்டும், தேயட்டும். பாத்ரூமுக்கு நாலு எட்டுல போயிட்டு வர்றேன், அது போதும். உள்ள வர்றீங்களா, மேல் வீட்டுச் சாவியத் தரட்டுமா?"

அவர் வாசலிலேயே நின்றார். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டாமா?

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்களிடமும் வீட்டில் யாரோ எதையோ கேட்டு, நீங்களும் "பாத்துக்கிட்டிருக்கேன்" என்று சொல்லி வைத்திருப்பீர்கள். எதற்கும், வீடு திறந்திருக்கிறதா என்று ஒரு நடை போய்ப் பார்த்துவிடுங்கள்.